கவர் பண்ணாத ஊர்

ஆலன் நகரத் தமிழ்க் குடும்பங்களில் ஊரிலிருந்து யாருக்காவது அப்பா அம்மா வந்து இறங்கினால், முதல் போன் வெள்ளியங்கிரி வீட்டுக்குத்தான் வரும். "சார், டெக்ஸாஸ் சுத்திக் காட்டணும். உங்க ப்ளான் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பார்கள். வெள்ளியங்கிரி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் அவருக்கு வேலை. அங்கே அவர் பேச்சை யாரும் இவ்வளவு பயபக்தியோடு கேட்டதில்லை.

"நாலு நாள் போதுங்க. மொத நாள் ஹூஸ்டன் போயி மீனாட்சி கோயில் கவர் பண்ணிடலாம். மறுநாள் காலைல நாசா, மத்தியானம் கால்வெஸ்டன் பீச். மூணாம் நாள் சான் அன்டோனியோ. அலமோ கோட்டை, ரிவர் வாக் ரெண்டையும் ஒரே வாக்குல கவர் பண்ணிக்கலாம். ரிட்டர்ன்ல ஆஸ்டின். அவ்வளவுதான், மொத்த டெக்ஸாஸும் கவர் ஆயிடும்."

மொத்த டெக்ஸாஸ்! நம் தமிழ்நாட்டை ஐந்து தடவை உள்ளே போட்டாலும் இடம் மீதியிருக்கிற மாநிலம். அதை நாலே நாளில் மூடி போட்டு மூடிவிடுகிற மனிதரை என்ன சொல்வது? ஆனால் ஊரே அவரைக் கொண்டாடியது.

அந்தத் திட்டத்தில் அவர் போனில் சொல்லாமல் விடுகிற சங்கதி ஒன்று உண்டு. அது நடக்க ஒரு சாந்தாமணி வேண்டும்.

சாந்தாமணி அவர் மனைவி. கோபிசெட்டிபாளையத்துக்காரி. வரலாற்றில் பி.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகித் தொண்ணூற்றொன்றில் டெக்ஸாஸ் வந்து இறங்கியவள். பயணத்துக்கு முந்தின நாளே புளிக்காய்ச்சல் காய்ச்சி, சப்பாத்தி சுட்டு, தயிருக்கு உறையூற்றி, எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்குவாள். மோட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைப்பாள். புகை மணி அலறினால் அதன் கீழே நின்று துண்டை வீசி ஆற்றுவாள். வெள்ளியங்கிரியின் அப்பா அம்மா வந்தபோதும், சித்தப்பா வந்தபோதும், அவர் தங்கை குடும்பத்தோடு வந்தபோதும் இதேதான் நடந்தது. மினிவேனின் கடைசி வரிசை, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்து இருக்கை, அது அவளுடையது என்று எழுதி வைக்காத குறை.

இடம் வந்ததும் எல்லோரும் இறங்குவார்கள். நாசாவுக்குள் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே வண்டிக்கு ஒரு ஆள் வேண்டும். அலமோ பக்கத்துத் தெருவில் பார்க்கிங் மீட்டருக்குக் காசு போட ஒரு ஆள் வேண்டும். கடற்கரையில் செருப்பையும் கேமரா பையையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். "நீ இருந்துக்கறியா சாந்தா, பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்று அவர் சொன்னால் அவளும் இருந்துகொள்வாள். முதலிரண்டு தடவை புது மருமகள் என்ற வெட்கம். பிறகு மகள் ரோஷினி கைக்குழந்தை. அதன் பிறகு பழக்கம். பழக்கத்தைப் போலப் பொல்லாதது வேறு கிடையாது.

ஆனால் சாந்தாமணிக்கென்று ஓர் ஆசை இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள், ஆகவே அதிகம் சொன்னதில்லை.

டெக்ஸாஸில் சாலையோரமெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்கள். "ஹிஸ்டாரிக்கல் மார்க்கர், ஒரு மைல், வலப்பக்கம்" என்று முன்கூட்டியே ஒரு பலகை சொல்லும். பிறகு புல்லுக்கு நடுவே ஆளுயரக் கம்பத்தில் ஓர் உலோகத் தகடு வரும். அதில் அந்த இடத்தில் என்றைக்கோ என்ன நடந்தது என்று நாலு வரி பொறித்திருக்கும். ஆடு தொலைந்த இடத்துக்கும் போர்டு, மாடு கிடைத்த இடத்துக்கும் போர்டு. இங்கிருக்கிற நூறு வருஷச் சரித்திரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று முதலில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஆசை வந்தது.

எழுபது மைல் வேகத்தில் போகிற வண்டியின் கடைசி வரிசையிலிருந்து என்ன படித்துவிட முடியும்? "இந்த இடத்தில்..." என்று ஆரம்பிப்பதற்குள் தகடு பின்னால் போய்விடும். இந்த இடத்தில் என்ன? யாராவது செத்தார்களா, பிறந்தார்களா, பள்ளிக்கூடம் கட்டினார்களா? வருஷக்கணக்காக அவள் தலைக்குள் பாதி வாக்கியங்களாகச் சேர்ந்து கிடந்தன.

"ஏனுங்க, அந்த போர்டுல என்னன்னு ஒருக்கா நிறுத்திப் பாக்கலாங்களா?" என்று எப்போதாவது கேட்பாள்.

"ரிட்டர்ன்ல பாத்துக்கலாம் சாந்தா. இப்ப நிறுத்துனா டைம் போயிடும்."

ரிட்டர்ன் எப்போதும் வேறு சாலையாக இருக்கும். வட்டமாகச் சுற்றினால்தானே எல்லாவற்றையும் கவர் பண்ண முடியும்!

தொண்ணூற்றைந்தில் அவள் டிரைவர் லைசென்ஸ் வாங்கினாள். மளிகைக்கும் ரோஷினியின் பள்ளிக்கும் ஓட்டிப் போவாள். ஃப்ரீவே என்கிற அதிவேகச் சாலை மட்டும் கூடாது. "உனக்கு அது செட் ஆகாது, நடுங்கிடுவே" என்று வெள்ளியங்கிரி தீர்ப்பு எழுதியிருந்தார். மேல்முறையீடு செய்ய யார் இருக்கிறார்கள்?

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் வெள்ளியங்கிரியின் அண்ணன் மணியன் வந்தார். காங்கேயம் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிற மனிதர். அவர் மனைவி வரவில்லை. "மாடு கன்னு பாக்க ஆள் வேணுமில்லீங்" என்று மணியன் சொன்னபோது சாந்தாமணிக்குச் சுருக்கென்றது. அங்கேயும் ஒருத்தி வண்டிக்குக் காவல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வழக்கம்போல ஐஸ் பெட்டி ஏறியது, வண்டி கிளம்பியது. மணியன் எதைக் காட்டினாலும் ஒரே குரலில் "நல்லாருக்குது" என்றார். கோயில் நல்லாருக்குது. ராக்கெட் நல்லாருக்குது. கடலும் நல்லாருக்குது. காரில் ஏறினால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவார். வெள்ளியங்கிரிக்கு உள்ளூர வருத்தம். அண்ணன் வாயால் ஒரு "அடேயப்பா" வாங்கிவிட வேண்டும் என்று அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மூன்றாம் நாள் சான் அன்டோனியோ. அலமோவுக்குப் பக்கத்துத் தெருவில் வண்டி நின்றதும் சாந்தாமணி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"நானும் வர்றனுங்க."

வெள்ளியங்கிரிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நீ எதுக்கு? நீதான் ஏற்கனவே பாத்திருக்கியே!"

"எப்பங்க?"

"அப்பா அம்மா வந்தப்ப வந்தியே. சித்தப்பாவ கூட்டிட்டு வந்தப்ப. தங்கச்சி வந்தப்பக்கூட... நீ வந்தல்ல?"

"வந்தனுங்க. பாக்கல."

அவர் அவளையே பார்த்தார். கிண்டல் செய்யவில்லை, பொய்யும் சொல்லவில்லை. அத்தனை தடவையும் அவள் தன்னோடு உள்ளே வந்து பார்த்ததாகத்தான் இவ்வளவு காலமும் மனதார நம்பியிருந்தார். அதுதான் அவளைச் சுட்டது. வேண்டுமென்று விட்டுவிட்டுப் போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். விட்டுவிட்டுப் போனதே தெரியாமல் இருந்திருக்கிறாரே! அலமோவைப் போல, கால்வெஸ்டனைப் போல, தன்னையும் இந்த மனுஷர் கவர் பண்ணிவிட்டார் என்று அவளுக்குப் பட்டது.

"செரி செரி, இப்ப அண்ணனுக்கு நேரமாவுது. மீட்டருக்குக் காசு போட்டுட்டு இரு, வந்து பேசிக்கலாம்" என்று சொல்லி அவர் போனார். சாந்தாமணி காசு போட்டாள். அன்றைக்கு அவள் அழவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அழுகிற மாதிரியான கோபம் இல்லை அது.

மறுநாள் காலை ஊர் எல்லையில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, காசு கட்டவும் அண்ணனுக்குக் காப்பி வாங்கவும் வெள்ளியங்கிரி உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தால் அவர் இருக்கையில் சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போட்டிருந்தாள். இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியையும் தன் உயரத்துக்குத் திருப்பியாகிவிட்டது.

"சாவி குடுங்க."

அவர் சிரித்தார். "வெளையாடாத சாந்தா. எந்திரி, ஆஸ்டின் கவர் பண்ணணும்."

"எந்திரிக்கறதா இல்லைங்க."

"ஃப்ரீவே! ட்ரக்கெல்லாம் வரும்!"

"வரட்டும். அவங்க ரோட்டுல அவங்க வர்றாங்க."

பின்னால் ஒரு பிக்கப் டிரக் பம்புக்காகக் காத்திருந்தது. அதன் ஓட்டுநர் ஒரு தடவை ஹார்ன் அடித்தார். பிறகு கையை எடுக்காமல் அடித்தார். இரண்டு கையிலும் காப்பிக் கோப்பையோடு வெள்ளியங்கிரி நடுவில் நின்றார். "எந்திரின்னா எந்திரி" என்று பல்லைக் கடித்தார். சாந்தாமணி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். இந்த இருக்கையை விட்டு இறங்கினால் இனி ஆயுசுக்கும் கடைசி வரிசைதான் என்று அவளுக்குத் தெரியும்.  அசையவில்லை. பத்துப் பேர் பார்க்கத் தெருவில் சண்டை போடுவதற்கு வெள்ளியங்கிரி அஞ்சுகிறவர். கோப்பைகளை அண்ணனிடம் நீட்டி, சாவியை அவள் மடியில் போட்டுவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறி, கதவைப் படாரென்று சாத்தினார்.

வண்டி அலுங்காமல் கிளம்பியது. நடு வரிசையில் காப்பியை உறிஞ்சிய மணியன், "உங்கண்ணி டிராக்டரே ஓட்டறாடா. இன்னிக்கி வரைக்கும் கவுந்ததில்ல" என்றார். 

ஃப்ரீவேயில் ஏறினாள். பதினெட்டுச் சக்கர டிரக் ஒன்று உரசுவதுபோல் போக, வேனே ஒரு குலுங்கு குலுங்கியது. அவளுக்கு பயம் இருந்தது, இல்லை என்று யார் சொன்னது? பயத்தோடுதான் ஓட்டினாள். கூடவே ஒரு சந்தோஷமும் அடிவயிற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"முப்பத்தஞ்சு நார்த் எடு. அங்க, அந்த லேனு... சாந்தா! இது டூ எய்ட்டி ஒன்! இதுல போனா ஆஸ்டின் விட்டுப் போயிடும்!"

"போகட்டும்."

"கேப்பிடல் பில்டிங்! வாஷிங்டன்ல இருக்கறதவிட உயரம்! அண்ணன் பாக்க வேணாமா?"

"உயரமாவே இருக்கட்டுங்க. அது எங்கயும் ஓடிப்போகாது."

"மாம், ஆர் வீ லாஸ்ட்?" என்றாள் ஐந்து வயசு ரோஷினி, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து.

"இல்ல கண்ணு. நாம எங்க இருக்கறம்னு அம்மாவுக்குத் தெரியும்."

நகரம் முடிந்து குன்றுகள் ஆரம்பித்தன. சாலையின் இரண்டு பக்கமும் நீலமாய்ப் பூத்துக் கிடந்தது. ப்ளூபானெட். ஏழு வருஷமாக இந்த ஊரில் இருந்தும், நேர் எதிரே கண்ணாடி வழியாக அதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் எதையும் அது போன பிறகுதான் பார்க்க முடியும்.

அப்போது வந்தது அந்தப் பலகை. ஹிஸ்டாரிக்கல் மார்க்கர், ஒரு மைல், வலப்பக்கம்.

அவள் கண்டுகொண்டாள், ஆனால் புது ஓட்டுநர். பின்னால் வண்டி நெருங்கியது, இண்டிகேட்டர் போடுவதா பிரேக் போடுவதா என்று தடுமாறினாள். தகடு வந்தது, பளிச்சென்றது, போயே போய்விட்டது. "இந்த இடத்தில்..." அவ்வளவுதான், பழைய கதை.

"பாத்தியா, போயிடுச்சு. விடு, ரிட்டர்ன்ல பாத்துக்கலாம்" என்றார் வெள்ளியங்கிரி. வேண்டுமென்று சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

சாந்தாமணி வேகத்தைக் குறைத்தாள். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பண்ணையின் கேட் வந்தது. இண்டிகேட்டர் போட்டு அதில் நுழைந்தாள், வண்டியைப் பின்னுக்கெடுத்துத் திருப்பினாள், இரண்டு பக்கமும் பார்த்து வந்த வழியிலேயே ஏறினாள்.

"என்ன பண்ற? எங்க போற?"

"ரிட்டர்ன்ல பாக்கலாம்னீங்களே. இதுதாங்க ரிட்டர்ன்."

தகட்டுக்கு எதிரே சாலையோரச் சரளைக்கல்லில் வண்டி நின்றது. இன்ஜினை அணைத்தாள். சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். சாலையைக் கடந்து புல்லுக்குள் நடந்து போனாள். மணியனும் சோம்பல் முறித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வெள்ளியங்கிரி பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். முற்றுப்புள்ளி வரைக்கும் படித்தாள்.

"என்ன போட்டிருக்குதம்மிணி?" என்று மணியன் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் ஓடாது.

"இங்க ஒரு ஊர் இருந்துச்சாமுங்க மாமா. ஜெர்மன்காரங்க வந்து குடியேறுனது. குடிதண்ணிக்குன்னு எல்லாருஞ் சேந்து கெணறு வெட்டியிருக்காங்க. தண்ணி உப்பா வந்துருச்சு. அதனால ஊரையே காலி பண்ணிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்களாம். அவ்வளவுதானுங்க."

"கையாலயா வெட்டுனாங்க?"

"ஆமாங்க மாமா."

மணியன் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். சுண்ணாம்புக்கல். இன்னொன்றால் அதைத் தட்டினார். பிறகு காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். "இந்தப் பாறையிலயா? பாவம், தண்ணி வந்தன்னிக்கி வாயில ஊத்திப் பாத்திருப்பாங்கல்லோ."

ராக்கெட்டுக்கு வராத அடேயப்பா! சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடியை இறக்கி வைத்திருந்த வெள்ளியங்கிரியின் காதிலும் அது விழுந்தது. எட்டி ஹார்னை அடித்தார். சாந்தாமணி திரும்பவில்லை. கிணறு இருந்திருக்கக்கூடிய பள்ளத்தைத் தேடிப் புதருக்குள் போய்க்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தார். கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"இதுக்கா?" என்றார். "இதுக்கா ஆஸ்டின விட்டுட்டு வந்தே? கெணறுகூட இல்ல. உப்புத் தண்ணின்னு ஓடிப்போனவங்களுக்கு ஒரு போர்டு!"

"இதுக்குத்தான்."

"பாக்க என்ன இருக்கு இதுல?"

சாந்தாமணி நிமிர்ந்தாள். குரல் உயரவில்லை. "நான் பாக்கணும்னு நெனச்சேன், பாத்தேன். அது நல்லா இருந்தே ஆகணும்னு சட்டமா? அலமோவப் பாத்துட்டு ஒவ்வொரு வாட்டியும் 'இவ்வளவுதானா'ன்னு சொல்லிட்டே வர்றீங்களே, உங்கள யாராச்சும் இதுக்கான்னு கேட்டாங்களா? இத்தன வருஷம் உங்களுக்காக பார்க்கிங்ல நின்னேன். நீங்க எனக்காக ஒரு போர்டுக்கு நில்லுங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோஷினிக்குப் பசிக்கும்" என்றார், தோற்றுப்போன குரலில்.

"ஆமா, பசிக்கும். சாப்பாடு பொட்டியில இருக்குது."

"நீ வரலியா?"

"நீங்க வண்டிகிட்ட இருந்துக்கங்க. பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

வெள்ளியங்கிரி வண்டிக்குப் போனார். ஐஸ் பெட்டியைத் திறந்தார். தட்டு எங்கே, கரண்டி எங்கே, ஊறுகாய் எந்த டப்பா என்று அங்கிருந்தே கத்திக் கத்திக் கேட்டார். "உள்ளதான் எங்கியாச்சும் இருக்கும்" என்று அவள் புதருக்குள்ளிருந்து பதில் சொன்னாள். பள்ளம் தென்படவில்லை. ஒரு மேடு மட்டும் தெரிந்தது. வெட்டிப்போட்ட மண்ணாக இருக்கலாம், சும்மா மேடாகவும் இருக்கலாம். அதன்மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தாள். நீலப்பூ, வேலிக்கம்பி, வானம். நிறைவாக இருந்தது. பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது, அவர்கள் சொல்கிற பத்து நிமிஷமும் அப்படித்தானே ஆகும்.

அன்றைக்கு ஆலன் போய்ச் சேர்கிற வரை ஸ்டியரிங்கை அவள் விடவில்லை. வழியில் இன்னும் பல போர்டுகள் வந்தன. நிறுத்தத் தோன்றியதற்கு நிறுத்தினாள், தோன்றாததை விட்டுவிட்டுப் போனாள். எது எதற்கு என்று யாருக்கும் காரணம் சொல்லவில்லை. வெள்ளியங்கிரி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அவளும் அதற்காக உருகவில்லை. மணியன் ஊருக்கு போன் போட்டு, "அமெரிக்காவுலயும் உப்புக் கெணறு இருக்குது புள்ள" என்று மனைவியிடம் வெகுநேரம் பேசினார். நாசா பற்றி அவள் கேட்டிருப்பாள் போல. அதற்கு மட்டும் "நல்லாருக்குது" என்றார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. வெள்ளியங்கிரி பக்கத்தில் இருந்தும் எடுத்தது சாந்தாமணி. ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்கிற ஊரிலிருந்து சாரதா பேசினாள், புதிதாகக் குடிவந்த குடும்பம்.

"ஆன்ட்டி, எங்க மாமனார் மாமியார் வர்றாங்க. அங்கிள்கிட்ட ஒரு ப்ளான் இருக்காமே? நாலு நாள்ல என்னென்ன கவர் பண்ணலாம்?"

வெள்ளியங்கிரி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினார். சாந்தாமணி ரிசீவரைக் கொடுக்கவில்லை.

"வண்டி யாரும்மா ஓட்டப்போறீங்க?"

"அவர்தான் ஆன்ட்டி. நான் பின்னாடி சாப்பாடெல்லாம் பாத்துப்பேன்."

"அப்ப உங்க வீட்டுக்காரரப் பேசச் சொல்லு, அங்கிள்கிட்ட குடுக்கறேன்" என்றாள் சாந்தாமணி. "நீ ஓட்டறதா இருந்தா எங்கிட்டப் பேசு. போக வேண்டிய எடம் நெறைய இருக்குது."

 சாந்தாமணி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆன்ட்டி" என்றாள் சாரதா. "ஃப்ரீவே ஓட்ட பயமா இருக்கே."

"எனக்கும்தான்" என்றாள் சாந்தாமணி. "எழுதிக்கோ."